கிழக்கேகோட்டையில் ஒரு பாகவதர்

திருவனந்தபுரத்துக்குப் புதிதாக வரும் நம்மவர் எவரும் கிழக்கேகோட்டையில் இறங்காமல் போவதில்லை. நகரப் பேருந்துகளெல்லாம் வந்து கூடும் இடம் அது. ஒரு பக்கம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் ஓசை; மறுபக்கம் சாலைக் கடைத்தெருவின் இரைச்சல். அக்கடைத்தெருவில் நாலடி நடந்தால் நாகர்கோவில் தமிழும் நெல்லைத் தமிழும் காதில் விழும். கோட்டை வாயிலைக் கடந்து மேற்கே சென்றாலோ இரைச்சல் பின்வாங்கிவிடுகிறது. பத்மதீர்த்தக் குளம், அப்பால் அனந்தபத்மநாபன் கோபுரம், இடப்புறம் மேத்தன் மணி எனப்படும் பழைய கடிகாரம். மணி அடிக்குந்தோறும் இரண்டு ஆட்டுக்கிடாய்கள் தாடிக்காரன் ஒருவனின் கன்னத்தில் வந்து முட்டும் வேடிக்கையைக் காணக் குழந்தைகள் இன்றும் அண்ணாந்து நிற்கின்றனர். அதனை அடுத்திருப்பது குதிரைமாளிகை. கூரையின் அடியில் வரிசையாகச் செதுக்கப்பட்ட 122 மரக்குதிரைகளால் அப்பெயர் பெற்றது. அரசரும் இசைப்புலவருமான சுவாதித் திருநாள் கட்டுவித்தது.

இப்பகுதியில்தான் நவராத்திரி மண்டபமும் இருக்கிறது. ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் அங்கே நடைபெறும் சங்கீதம் வேறெந்தக் கச்சேரியையும் போன்றதன்று. மேடை இல்லை, ஒலிக்கும் கைதட்டல் இல்லை, பாடுவது கலைமகளுக்காக, கேட்க வந்தவர்களுக்காக அன்று என்பது அங்குள்ள மரபு. ஆடவர் வேட்டியுடன் மேலாடையின்றி அமர்ந்து கேட்கின்றனர். ஒவ்வொரு நாளும் இன்ன ராகம், இன்ன கீர்த்தனம் என்பது முன்னமே வகுக்கப்பட்டது. முதல் நாள் சங்கராபரணம். பின்னர் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டக்குறிஞ்சி. ஒன்பதாம் நாள் ஆரபி. ஒன்பது கீர்த்தனங்களும் சுவாதித் திருநாளுடையவை.

அம்மண்டபத்தில் எழுந்தருளும் சரசுவதி எங்கிருந்து வருகிறாள் என்பதும் நம்மவர் அறிய வேண்டிய செய்தி. பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து யானைமேல் வருகிறாள். கம்பர் வழிபட்ட திருவுருவம் என்று வழிவழியாகச் சொல்வர். உடன் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் வருகின்றனர். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அன்று முதல் அத்தெய்வங்கள் ஆண்டுக்கொருமுறை தமிழகத்து எல்லை கடந்து கேரளம் சென்று, விழா முடிந்ததும் திரும்புகின்றன. வேலைக்காகவும் வாணிகத்துக்காகவும் எல்லை கடந்து வாழ்கிற நமக்கு இச்செய்தி ஒரு தனி நிறைவைத் தருகிறது.

இனி, நாம் கூறவந்த பொருளுக்கு வருவோம். சுவாதித் திருநாள் 1813-இல் பிறந்து, 1829 முதல் ஆட்சி புரிந்து, 1846-இல், முப்பத்து நான்கு வயது நிறைவதற்குள் மறைந்தவர். அவர் பாடல்களை இன்று நாடெங்கும் பாடுகிறார்கள். ஆனால் அவர் மறைந்த பின் தொண்ணூறு ஆண்டுகள் அப்பாடல்களிற் பெரும்பாலானவை மண்டபத்தையும் கோயிலையும் விட்டு வெளியே அறியப்படாமல் கிடந்தன என்பதைப் பலர் அறியார். அவற்றைத் தேடித் திரட்டி, மெட்டு அழிந்தவற்றுக்கு மெட்டும் அமைத்து, மேடைக்குக் கொண்டு வரும் பணியைத் தொடங்கி வைத்தவர் நெல்லைச் சீமையிலிருந்து வந்த ஒரு தமிழர், தாமே பெரிய சாகித்தியகர்த்தர், தாமே கச்சேரி வித்வான், கதாகாலட்சேபத்தில் நிகரற்றவர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் என்பது அவர் பெயர்.

முத்தையா பாகவதர் 1877 நவம்பர் 15-இல் புனல்வேலி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் இலிங்கமையர். பிள்ளைக்கு ஆறு வயதாகும்போது தந்தை காலமானார். வடமொழிப் புலமையுடைய தாய்மாமன் இலட்சுமண சூரி வளர்க்கும் பொறுப்பை ஏற்று, மருகனை வேதம் ஓதச் செய்தார். பிள்ளையின் நெஞ்சமோ சங்கீதத்தில் இருந்தது. பத்து வயதளவில் வீட்டை விட்டுப் புறப்பட்டுக் குருவைத் தேடிச் சோழநாட்டுக்குச் சென்றுவிட்டார். இக்காலத்துப் பெற்றோர் இதைக் கேட்டு நடுங்குவர். அக்காலத்துப் பெற்றோரும் நடுங்கத்தான் நடுங்கினர். ஆயினும் அந்த ஓட்டம் வீண் போகவில்லை. திருவாரூரில் பதினைந்து மண்டபம் சாம்பசிவ ஐயர் அவரை ஏற்றுக்கொண்டார். ஒன்பது ஆண்டு குருகுலவாசம். குருவின் மைந்தர் சபேச ஐயரும் பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து இசைத்துறைக்குத் தலைமை தாங்கிய பெருமகனார்.

குருகுலம் முடிந்து ஊர் திரும்பிய முத்தையா பாகவதர் இளமையிலேயே கச்சேரி வித்வானாகப் பெயர் பெற்றார். மூலம் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் திருவனந்தபுரம் வந்து பாடி மரியாதையும் பெற்றார். வாய்ப்பாட்டோடு நில்லாமல் மிருதங்கமும் கோட்டுவாத்தியமும் பயின்றார். பின்னர் ஹரிகதைப் பக்கம் திரும்பினார். வள்ளி பரிணயம், சதி சுலோசனா முதலிய கதைகளை அவர் நிகழ்த்தக் கேட்டவர்கள் பாட்டும் வசனமும் நகைச்சுவையும் ஒன்றாய்க் கலந்த அந்தத் திறத்தை வியந்தனர். மதுரையில் ஒரு சங்கீத வித்யாலயமும் நடத்தினார். அங்கே பயின்ற சிறுவரில் ஒருவர் பின்னாளில் மதுரை மணி ஐயர் என்று புகழ் பெற்றார் என்று சொன்னாலே அவ்வித்யாலயத்தின் தரம் விளங்கும்.

மணி ஐயரின் பெயர் வந்தவுடன் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது, கச்சேரி முடிவில் அவர் பாடும் 'இங்கிலீஷ் நோட்டு'. கேட்டவர் கால் தானே தாளம் போடும். அதனை ஆக்கியவர் முத்தையா பாகவதரே. மேனாட்டார் பெரிதும் கையாளும் சுரவரிசையும் நம் சங்கராபரணமும் ஒன்றே. ஆகையால் கமகத்தைக் குறைத்து, சுரங்களைத் தாவித் தாவிப் பிடித்தால் வெள்ளையர் பாண்டு வாத்தியத்தின் நடை வந்துவிடுகிறது. இது பாகவதர் தொடங்கிய வேடிக்கையும் அன்று. அவருக்கு நூறாண்டுக்கு முன்னரே முத்துசுவாமி தீட்சிதர், கும்பினிப் படையினரின் பாண்டில் கேட்ட மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். அவற்றுள் மீனாட்சியம்மனைப் போற்றும் ஒன்றின் மெட்டு, அயர்லாந்து நாட்டில் மேலோ என்னும் ஊரின் பெயரால் வழங்கும் ஆட்டப்பாட்டு. அயர்லாந்துக் குடியானவன் ஆடிய மெட்டில் மதுரை மீனாட்சி எழுந்தருளினாள்! இசைக்கு எல்லைக் காவல் இல்லை என்பதைத் தீட்சிதரும் பாகவதரும் நன்கு உணர்ந்திருந்தனர்.

பாகவதர் வாழ்வில் பெருந்திருப்பம் மைசூரில் நிகழ்ந்தது. 1927-இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரைத் தம் ஆஸ்தான வித்வானாக ஏற்றார். 'காயக சிகாமணி' என்ற விருதும் அளித்தார். சாமுண்டேசுவரியின் 108 நாமங்களுக்கும் தனித்தனியே ஒரு கீர்த்தனம் வேண்டும், அதுவும் கன்னடத்தில் வேண்டும் என்பது அரசரின் விருப்பம். நெல்லையில் பிறந்து, வடமொழி ஓதி, தெலுங்குக் கிருதிகள் பாடிப் பழகிய ஒருவர் ஐம்பதாம் வயதில் நான்காவதொரு மொழியில் நூற்றெட்டுக் கீர்த்தனம் செய்ய முற்படுவது எளிதா? செய்து முடித்தார். அவற்றுள் சில இன்றும் மேடைகளில் ஒலிக்கின்றன. சிவபெருமான் மீது வடமொழியில் இதேபோன்ற நாமாவளிக் கீர்த்தனங்களும் செய்தார். மொத்தத்தில் அவர் இயற்றியவை நானூறுக்கு மேற்படும்.

அவர் சாகித்தியங்களின் தனிச்சிறப்பு யாது என்று வினவினால், ராகங்களைத் தேடும் ஆர்வம் என்போம். எல்லாரும் பாடும் தோடி, கல்யாணியோடு அவர் மனம் நிறைவடையவில்லை. விஜயசரசுவதி, கர்ணரஞ்சனி, புதமனோகரி முதலிய ராகங்களுக்கு அவராலேயே உருவம் கிடைத்தது. மோகனகல்யாணியும் வலஜியும் மேடையில் நிலைத்ததற்கும் அவர் கீர்த்தனங்கள் பெரிய காரணம். இவற்றுள் நிரோஷ்டா என்பது சுவையான ஒன்று. 'ஓஷ்டம்' என்றால் உதடு. ஏழு சுரங்களில் மகரமும் பகரமும் மட்டுமே உதடு கூடிப் பிறப்பவை. அவ்விரண்டையும் நீக்கி, ச-ரி-க-த-நி என்னும் ஐந்தே சுரங்களால் ஆனது இந்த ராகம். எனவே சுரம் பாடும்போது உதடுகள் ஒட்டவே மாட்டா. குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வர். விளையாட்டு என்று தோன்றும் இதில் கணக்கும் உண்டு, அழகும் உண்டு. கமாசில் அமைந்த 'மாதே' என்று தொடங்கும் தருவர்ணம் நாட்டிய மேடைகளில் இன்றும் நின்று விளங்குகிறது.

1930-இல் சென்னைச் சங்கீத வித்வத் சபை மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். 1934-இல் 'லவகுசா' என்னும் படத்துக்கு இசையமைத்தார். பழைய சம்பிரதாயத்தில் ஊறியவர், புதிய கருவியான பேசும்படத்தைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை என்பதை இங்கே குறிக்கலாம்.

1936-இல் திருவிதாங்கூர் அழைத்தது. அழைத்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் அன்னையார் சேது பார்வதி பாயி மகாராணி, வீணையில் தேர்ந்தவர். தம் குலத்து முன்னோரின் பாடல்கள் அழிந்து போகின்றனவே என்ற கவலை அவருக்கு இருந்தது. அப்பாடல்களைத் திரட்டிச் செம்மை செய்யும் பொறுப்பைப் பாகவதரிடம் ஒப்படைத்தார். 1939-இல் சுவாதித் திருநாள் சங்கீத அகாதெமி தோன்றியபோது அதன் முதல் தலைவரும் பாகவதரே. இன்று தைக்காட்டில் இயங்கிவரும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி அதன் வளர்ச்சி.

அப்பாடல்கள் ஏன் மறைந்தன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

சுவாதித் திருநாளின் அவையில் பல நாட்டு வித்வான்கள் கூடியிருந்தனர். தஞ்சை நால்வர் எனப்படும் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய சகோதரர்கள் அங்கு இருந்தனர். அவர்களுள் இளையவரான வடிவேலு, அந்நாளில் நம் நாட்டுக்குப் புதிதாயிருந்த பிடிலில் வல்லவர். அரசர் 1834-இல் அவருக்குத் தந்தத்தாற் செய்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். பாலக்காட்டுப் பரமேசுவர பாகவதர், மேருசுவாமி, அரசரின் உறவினரும் கவிஞருமான இரயிம்மன் தம்பி ஆகியோரும் அவையை அணி செய்தனர். அரசரோ வடமொழி, மணிப்பிரவாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி எனப் பல மொழியிலும் பாடினார். 1846-இல் அவர் மறைந்ததும் இச்சபை கலைந்தது. தியாகராஜருக்கும் தீட்சிதருக்கும் இருந்ததுபோல் தலைமுறை தலைமுறையாக ஊரூராய்ப் பாடல்களைக் கொண்டு செல்லும் பெரிய சிஷ்ய பரம்பரை அரசருக்கு இல்லை. கோயில் விழாவுக்கு வேண்டியவையும் நவராத்திரிக்கு வேண்டியவையும் மட்டும் அன்றாட வழக்கத்தால் பிழைத்தன. முல்லமூடு பாகவதர்கள் என்னும் குடும்பத்தார் நவராத்திரி மண்டபத்தில் தோடய மங்களம் பாடும் உரிமை பெற்றவர்கள். அவர்கள் வாயிலாக ஒரு பகுதி காக்கப்பட்டது. நாகசுரக்காரர்களும் நாட்டிய மகளிரும் சிலவற்றைக் காத்தனர். ஏனையவை ஏட்டில் மட்டும் இருந்தன.

ஏட்டில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏட்டில் இருப்பது சாகித்தியம். தலைப்பில் ராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் இருக்கும். சுரக்குறிப்பு பெரும்பாலும் இராது. 'சாவேரி, ஆதி' என்று எழுதியிருப்பது, 'மதுரை, வடக்கு' என்று முகவரி எழுதியது போன்றது. ஊர் தெரியும், வீடு தெரியாது. பல்லவி எந்தச் சுரத்தில் எழுகிறது, தாளத்தில் எடுப்பு எங்கே, எந்தச் சொல்லில் சங்கதி விரிகிறது என்பவை பாடிக் காட்டியவர் தொண்டையோடு போய்விடும் பொருள்கள்.

இந்நிலையில் புதிதாக மெட்டமைப்பவர் எதைப் பற்றிக்கொள்வது? முதலாவது எதுகை. சுவாதித் திருநாள் பாட்டின் எதுகை, மோனை, இயைபு இவற்றின் விதிகளைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். எதுகை எந்த எழுத்தில் விழுகிறதோ அது தாளத்தின் ஏற்ற இடத்தில் நிற்க வேண்டும். அதைக் கொண்டு அடி எங்கே மடங்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். அரசரின் முத்திரை 'பத்மநாப' என்பது. எனினும் எதுகைக்கு ஏற்பப் 'பங்கஜநாப', 'சரசிஜநாப' என்று மாறிவரும். எல்லாம் தாமரை உந்தியான் என்னும் ஒரே பொருள்தான். இரண்டாவது சொற்பிரிப்பு. வடமொழித் தொகையை நடுவில் முறித்து மூச்சு விட்டால் பொருள் கெடும். சாகித்தியம் அறிந்தவன்தான் அதைக் காக்க முடியும். மூன்றாவது ராகபாவம். கருணையைக் கேட்கும் அடியும் போரைச் சொல்லும் அடியும் ஒரே நடையில் செல்லலாகாது. வேதம் ஓதியவர், ஹரிகதை சொல்லியவர், தாமே சாகித்தியம் செய்தவர், நான்கு மொழியில் புழங்கியவர் என்னும் இத்தனையும் ஒருவரிடம் பொருந்தியிருந்ததால் பாகவதர் இப்பணிக்கு ஏற்றவரானார். சிறுவயதில் விருப்பமின்றி ஓதிய வேதமும் இவ்விடத்தில் பயன்பட்டது!

பின்னர் செம்மங்குடி சீனிவாச ஐயர் இப்பணியில் சேர்ந்தார். பாகவதருக்குப் பின் அகாதெமியின் தலைமையையும் ஏற்று, 1963 வரை அங்கிருந்து நடத்தினார். கச்சேரி மேடையில் செல்வாக்குப் பெற்ற அவர் பாடப்பாட, சுவாதித் திருநாள் கீர்த்தனங்கள் சென்னைக்கும் பம்பாய்க்கும் தில்லிக்கும் சென்றன.

இங்கேதான் ஒரு பெரிய வழக்கு எழுகிறது. அதனை மறைத்துப் புகழ்மொழி மட்டும் கூறுவது நேயர்களுக்கு நாம் செய்யும் நன்றியாகாது. மெட்டை அமைத்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கா என்று பலர் கேட்டனர். 1980-களில் வீணை எஸ். பாலசந்தர் இன்னும் ஒருபடி மேலே சென்று, சுவாதித் திருநாள் என்றொரு வாக்கேயக்காரர் இருந்ததே புனைவு என்று வாதிட்டார். செய்தித்தாள்களில் கடும்போர் மூண்டது. செம்மங்குடியார் உள்ளிட்ட பலர் அதனை மறுத்தனர்.

எம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். அரசர் பாடவே இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று. சாகித்தியங்கள் ஏட்டில் உள்ளன. கோயில் வழக்கு இடையறாது வந்துள்ளது. தஞ்சை நால்வர் போன்ற வித்வான்கள் அவர் அவையில் இருந்ததும் வரலாறு. ஆனால் வழக்கின் மறுபாதி எளிதில் தள்ளத்தக்கதன்று. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் கணிசமானவை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இராமாயணம் முழுவதையும் சொல்லும் 'பாவயாமி' என்னும் புகழ்பெற்ற பாட்டைச் சுவாதித் திருநாளின் ராகமாலிகை என்றே நம்மிற் பலர் எண்ணுகிறோம். முதலில் அது முழுவதும் சாவேரி ஒன்றிலேயே அமைந்திருந்தது. காண்டத்துக்கொரு ராகமாக அதை மாலையாக்கியவர் செம்மங்குடியார். அம்மாலை அழகியதா என்றால் மிக அழகியது. ஆனால் கட்டிய கையின் பெயரையும் உடன் சொல்வதன்றோ நேர்மை? மெட்டுப் புதியது என்று அறிவிப்பதால் அரசரின் புகழ் குன்றாது. அறிவிக்காமல் விட்டதால்தான் ஐயம் வளர்ந்து, இருந்ததும் இல்லை என்னும் அளவுக்குப் போயிற்று.

முத்தையா பாகவதர் இதில் எந்நிலையில் நின்றார்? நானூறு பாட்டுக்குத் தம் 'ஹரிகேச' முத்திரையை இட்டுக்கொண்ட ஒருவர், வேறொருவர் சாகித்தியத்துக்கு மெட்டமைக்கையில் தம் பெயரை எங்கும் நுழைக்கவில்லை. அவ்வடக்கம் அக்காலத்து வித்வான்களின் இயல்பு. போற்றத்தக்கதே. ஆனால் பின்வந்த ஆராய்ச்சியாளருக்கு அது தொல்லையாயிற்று. எந்த மெட்டு மரபுவழி வந்தது, எது அவர் அமைத்தது என்று பாட்டுக்குப் பாட்டு ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தால் பின்னாள் பூசல் பாதி குறைந்திருக்கும்.

திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பாட்டுக்கு அந்நாளில் குறைவிருந்தது என்றும் எண்ண வேண்டா. கரமனையிலும் வலியசாலையிலும் தமிழர் அக்கிரகாரங்களில் பஜனை முழங்கிக்கொண்டிருந்தது. நீலகண்ட சிவன் (1839–1900) பாடிய தமிழ்க் கீர்த்தனங்கள் இங்கே பிறந்தவை. அந்தப் பஜனை கோஷ்டியோடு சுற்றிய இளைஞர் பின்னாளில் பாபநாசம் சிவனாகத் தமிழகம் முழுதும் புகழ் பெற்றார். அரசாங்கக் கருவூலத்தில் வேலை பார்த்துக்கொண்டே தமிழில் கிருதி இயற்றிய டி. இலட்சுமண பிள்ளையும் (1864–1950) இந்நகரத்தவரே. இவர்களோடு ஒப்பிட்டு, முத்தையா பாகவதர் தமிழில் பாடியது குறைவு, கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் வடமொழிக்கும் வாரி வழங்கிவிட்டார் என்று குறை கூறுவாரும் உண்டு. அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் மைசூரில் இருந்தபோது சாமுண்டியைக் கன்னடத்திலும், திருவனந்தபுரத்தில் இருந்தபோது பத்மநாபனின் அரசரை அவர்தம் சொற்களிலும் பாடிய ஒருவரை நாம் தவறாகக் கொள்ள விரும்பவில்லை. வீட்டில் அவர் பேசியது நெல்லைத் தமிழே. பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாள்தோறும் சந்திக்கும் நிலைதான் அது.

பாகவதர் தம் ஆராய்ச்சியைச் 'சங்கீத கல்பத்ருமம்' என்னும் நூலாக எழுதினார். 1943-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. பத்து வயதில் பாடசாலையை விட்டு ஓடிய சிறுவன் அறுபத்தாறாம் வயதில் பல்கலைக்கழகத்தின் அங்கியை அணிந்தான் என்று சொல்லி மகிழலாம். தியாகராஜர் வரலாற்றையும் வடமொழிக் காவியமாகப் பாடினார். 1945 சூன் 30-ஆம் நாள் மைசூரில் உயிர் நீத்தார்.

அவர் தலைமையில் அகாதெமி நடைபெற்ற தொடக்க நாட்களில் பாறசாலையிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அங்கே சேர்ந்த முதல் மாணவி அவளே. பாறசாலை பொன்னம்மாள் என்று பின்னர் அறியப்பட்ட அவர் பாகவதரிடமும் பாபநாசம் சிவனிடமும் பாடம் கேட்டார். முதல் வகுப்பில் தேறினார். தாம் பயின்ற கல்லூரியிலேயே ஆசிரியராகிப் பிறகு திருப்பூணித்துறைக் கல்லூரிக்குத் தலைவருமானார். அவருக்குச் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனங்கள் ஒன்பதும் மனப்பாடம். மாணவர்க்குக் கற்பித்தார். ஆனால் கிழக்கேகோட்டைக்கு உள்ளே அம்மண்டபத்தில் அமர்ந்து பாட அவருக்கு இடமில்லை. பெண்கள் அங்கே பாடும் வழக்கம் இல்லை. கலைமகள் பெண், அவள் முன் பாடுவோர் ஆண்கள் மட்டும் என்பது அக்கால ஏற்பாடு.

2006-ஆம் ஆண்டு அவ்வழக்கம் மாறியது. அப்போது பொன்னம்மாளுக்கு எண்பதைக் கடந்த வயது. பத்மநாபபுரத்திலிருந்து வந்து எழுந்தருளியிருந்த சரசுவதியின் முன் விளக்கொளியில் அமர்ந்து பாடினார். அம்மண்டபத்தில் பாடிய முதல் பெண் அவரே. கைதட்டக் கூடாது என்னும் மரபை அன்றும் எவரும் மீறவில்லை. 2021-இல் அவர் மறைந்தார். நவராத்திரி நாட்களில் திருவனந்தபுரம் செல்லும் நேயர்கள் மாலை ஆறு மணிக்கு முன்னரே கோட்டை வாயிலுக்குள் சென்றுவிட வேண்டும். இடம் சிறிது, வருவோர் பலர்.